பிள்ளையின் பயத்துக்கும் கவலைக்கும் பக்கத்தில் ஒரு படப்புத்தகம்: வாசித்துக்காட்டப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அழுகிற பிள்ளையிடம் ஏன் அழுகிறாய் என்று கேட்பதும், பயந்த பிள்ளையிடம் பயப்படாதே என்று சொல்வதும் நம் எல்லோருடைய வாயிலும் தானாக வந்துவிடுகின்றன. கேட்பவருடைய அக்கறையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு விடை தெரியாது. வயிறு நோகுது என்று சொல்லும், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் தம்பியைக் கிள்ளும். உள்ளே இருப்பது ஏக்கமா, பொறாமையா, ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்லும் சொற்கள் அதனிடம் இன்னும் சேரவில்லை. இந்த இடத்தில்தான் படப்புத்தகம் உதவுகிறது. தன் கவலையைச் சொல்லத் தெரியாத பிள்ளை, படத்தில் இருக்கும் முயலின் கவலையைத் தாராளமாகச் சொல்லும்.

திருகோணமலையின் உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில், சனிக்கிழமை காலைகளில் அயலில் உள்ள பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக்காட்டி வருகிறேன். தாய்மாரும் அம்மம்மாமாரும், முன்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இளம் ரீச்சர்மாரும் இதை எப்படிச் செய்வது என்று கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இது வைத்தியம் அன்று. ஆனால் முறையாகச் செய்தால், ஒரு பிள்ளை தனியாகச் சுமந்துகொண்டிருப்பதை இன்னொருவர் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது இடம் கொடுக்கும்.

முதலில் நீங்கள் மட்டும் வாசியுங்கள்

புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் மூன்று தடவை வாசிக்க வேண்டும். முதல் தடவை கதைக்காக வாசியுங்கள். இரண்டாம் தடவை எழுத்துகளைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பாருங்கள், ஏனென்றால் வாசிக்கத் தெரியாத பிள்ளை பார்க்கப்போவது அவற்றைத்தான். மூன்றாம் தடவை வாய்விட்டு வாசியுங்கள். எந்தப் பக்கத்தில் உங்களுடைய குரல் தடுமாறுகிறது என்பதைக் கவனிப்பதற்காகவே இந்த மூன்றாம் வாசிப்பு.

நம் ஊரில் இதை விட்டுவிட முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இந்தக் கரையில் சிறுபிள்ளைகளாக ஓடியவர்கள் இன்று தாயும் தகப்பனுமாக இருக்கிறார்கள். சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் 2006இல் இடம்பெயர்ந்த பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்துவிட்டார்கள். பெரிய அலை ஒன்று வரையப்பட்ட பக்கத்தில் ஒரு தாய் தன்னை அறியாமல் பிள்ளையை இறுக்கிப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை படத்தைப் பார்த்துப் பயப்படவில்லை, தாயின் கையைத்தான் உணர்ந்தது. உங்களால் அமைதியாக வாசிக்க முடியாத புத்தகம் என்றால், இப்போதைக்கு அதை வீட்டில் வேறு ஒருவர் வாசிக்கட்டும்.

எந்தப் புத்தகத்தை எடுப்பது

புதியவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்கு நடந்ததை அப்படியே சொல்லும் புத்தகத்தைத் தேடுவார்கள். வெள்ளத்தில் வீட்டை இழந்த பிள்ளைக்கு, வெள்ளத்தில் வீட்டை இழந்த பிள்ளையின் கதை. ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், பிள்ளைகளுக்குப் புத்தகம் சில வேளை தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும் சில வேளை பிறர் வாழ்வைக் காட்டும் யன்னலாகவும் இருக்கும் என்று சொன்னார். தன் முகத்தைப் புத்தகத்தில் காண்பது பிள்ளைக்கு மிகவும் தேவையான ஒன்று. ஆனால் காயம் புதிதாக இருக்கும்போது கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது என்பது என் அனுபவம். சற்றுத் தள்ளி நிற்கும் கதையே நல்லது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வெள்ளம் வந்த பிறகு, மழை என்றாலே காதைப் பொத்திக்கொண்ட பிள்ளைகளுக்கு நான் வாசித்தது மழைக் கதை அன்று. அலை வந்து தன் வளையை மூடிவிட்டதால் மணலில் வேறு வளை தோண்டும் ஒரு நண்டின் கதை. "அந்த நண்டு இரவைக்கு எங்க படுக்கும், ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டு வந்த பிள்ளை அது.

கதையில் வரும் பிள்ளையோ விலங்கோ தானாக ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும்; சின்னச் செயலாக இருந்தாலும் போதும். பெரியவர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் கதை பிள்ளைக்கு ஒன்றையும் கொடுக்காது. உணர்ச்சியை எவராவது கண்டித்தால், 'நல்ல பிள்ளைகள் கோபப்பட மாட்டார்கள்' என்பது போன்ற வரி இருந்தால், எவ்வளவு அழகான படங்கள் இருந்தாலும் அதை எடுக்காதீர்கள். கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். பதினாறு பக்கம் அழுத பிள்ளை பதினேழாம் பக்கத்தில் ஒரு பலூனைக் கண்டு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது என்றால், அந்தக் கதை வாசிக்கும் பிள்ளையிடம் உன் கவலை பெரிதில்லை என்று சொல்கிறது.

தமிழில் புத்தகம் கிடைப்பதில்லை என்பது பலருடைய குறை. கடைகளில் குறைவுதான். ஆனால் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு படிகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளன. இறக்கி, அச்சிட்டுப் பயன்படுத்தவும், சொற்களை மாற்றி எழுதவும் அவர்களுடைய உரிமம் அனுமதிக்கிறது. ரூம் டு ரீட் நிறுவனமும் இலங்கைப் பிள்ளைகளுக்காகத் தமிழில் புத்தகங்கள் வெளியிட்டிருக்கிறது. பாடசாலை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் அச்சான புத்தகத்தை நம் பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது சொற்களைத் தயங்காமல் மாற்றுங்கள். பாட்டி என்று இருந்தால் அம்மம்மா என்றோ அப்பம்மா என்றோ வாசியுங்கள். கிண்ணியாவிலிருந்து வந்த பிள்ளைக்கு அம்மாவை உம்மா என்றும் அப்பாவை வாப்பா என்றும் வாசியுங்கள். 'வலிக்குது' என்பதை 'நோகுது' என்று மாற்றிய மறுகணம், பிள்ளை தன் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதைக் காண்பீர்கள். வீட்டுச் சொல்லில்தான் பிள்ளையின் உடம்பு இருக்கிறது.

நேரமும் இடமும்

இடி முழங்கும்போது இடிப் பயத்தைப் பற்றிய கதையை எடுக்காதீர்கள். பயம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பிள்ளைக்குத் தேவை மடியும் போர்வையுமே. பிறகு, வெயில் எறிக்கும் ஒரு காலையில் வாசியுங்கள். வாடைக்காற்று தொடங்குவதற்கு முன், செப்டெம்பரிலேயே மழைக் கதைகளை வாசித்துப் பழக்குவது நல்லது. நித்திரைக்கு முன் கனமான கதை வேண்டாம். எதிரே இருந்து வாசிப்பதைவிடப் பக்கத்தில் இருந்து வாசியுங்கள். இருவரும் ஒரே பக்கத்தைப் பார்க்கும்போது பிள்ளை உங்கள் முகத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பத்து நிமிடம் போதும்.

வாசிக்கும் விதம்

அட்டைப் படத்தில் தொடங்குங்கள். பெயரை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் திருப்புவதற்கு முன், மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். புதியவர்களுக்கு இந்தப் பத்து எண்ணிக்கைதான் மிகவும் கடினம். மௌனம் வந்தால் அதை நிரப்பிவிட வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். ஆனால் பிள்ளையின் கண் படத்தில் எங்கே போய் நிற்கிறது என்பது அந்த மௌனத்தில்தான் தெரியும். பிள்ளை விரலை ஓர் இடத்தில் வைத்தால், அந்த இடத்தை நீங்களும் பாருங்கள். பக்கத்தைத் திருப்பும் உரிமையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. பிள்ளையோடு பேசிப் பேசி வாசிக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். பெரியவர் கதை சொல்பவராக இல்லாமல், பிள்ளை கதை சொல்ல உதவுபவராக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மொழி வளர்ச்சிக்காக உருவான அந்த முறை மனத்தைப் பேசவைப்பதற்கும் கைகொடுக்கிறது. 'ஆம்', 'இல்லை' என்று முடிந்துவிடும் கேள்விகளை விடுங்கள். "இவர் கையை எப்படி வைத்திருக்கிறார்?" "இப்ப இவருடைய வயித்துக்குள்ள என்ன செய்யும்?" "பக்கத்தில யார் நிக்கினம்?" என்று கேட்கலாம். பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "அவர் அழுறார்" என்றால், "ஓம், அம்மாவைத் தேடி அழுறார், ஏக்கமா இருக்குப் போல" என்று சொல்லலாம். 'ஏக்கம்' என்ற சொல் அந்தப் பிள்ளைக்கு இப்படித்தான் கிடைக்கும். வேறு எந்தப் பாடத்திலும் அதைக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள்.

கேட்கவே கூடாத கேள்விகள் இரண்டு. "இந்தக் கதையிலிருந்து என்ன படித்தீர்கள்?" என்பது ஒன்று. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கேட்கப்பட்டே வளர்ந்தோம், அதனால் அது நாவில் காத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டவுடன் பிள்ளை பரீட்சைக்கு இருப்பதுபோல் நிமிர்ந்து, பெரியவருக்குப் பிடித்த விடையைத் தேடத் தொடங்கிவிடும்.

மற்றதை நானே கேட்டுப் பிழைவிட்டிருக்கிறேன். தாய் வீட்டுப்பணிக்காக வளைகுடா நாடு ஒன்றுக்குப் போயிருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன் விறாந்தைக்கு வருவான். தாய்க் குருவி இரை தேடித் தூரம் போகும் கதை ஒன்று இருந்தது. அம்மாக் குருவி பறந்துபோகும் பக்கம் வரும்போது அவன் இரண்டு தாள்களையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாகத் திருப்பிவிடுவான். எச்சில் தொட்ட விரலால் மிகவும் கவனமாக அதைச் செய்வான். நான் ஒரு நாள் குனிந்து, "உங்கட அம்மாவும் இப்படித்தானே போனவ?" என்று கேட்டேன். அவன் புத்தகத்தை மூடி, என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். இரண்டு கிழமைகள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. குருவிக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்ற பிள்ளையை நான் வெளியே இழுத்துவிட்டேன்.

மூன்றாம் கிழமை அவனாகவே அதை எடுத்து வந்தான். இந்த முறை நான் வாசித்ததோடு சரி, ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் வந்தபோது அவன் திருப்பாமல், உள்ளங்கையை அம்மாக் குருவியின் மேல் வைத்து மறைத்துக்கொண்டான். சற்று நேரம் கழித்து, "குஞ்சு குழப்படி செய்ததாலயா அது போனது?" என்று கேட்டான். "இல்லை. குஞ்சு ஒண்டும் செய்யேல்ல. சாப்பாடு தேடித்தான் போனது" என்று மட்டும் சொன்னேன். கையை எடுத்தான்.

தனக்கு நேர்ந்த கெட்டது எதுவும் தான் செய்த பிழையால் வந்தது என்று நினைப்பது இந்த வயதின் இயல்பு. 'குழப்படி செய்தால் அம்மா வரமாட்டா' என்று அடக்குவதற்காக நாம் சொல்லும் ஒரு வார்த்தை அந்த நினைப்பை உறுதியாக்கிவிடுகிறது. தயவுசெய்து அந்த வார்த்தையை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆகவே கதைமாந்தரைப் பற்றியே கேளுங்கள், கதைமாந்தருக்கே பதில் சொல்லுங்கள். பிள்ளை தானாக 'எனக்கும் அப்படித்தான்' என்று சொல்லும் நாள் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டாலும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மரணம் வந்த வீட்டில்

இதற்குச் சற்றுக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது. அப்பப்பா இறந்தால் 'சாமியிடம் போய்விட்டார்', 'தூரப் போயிருக்கிறார்', 'நித்திரையாகிவிட்டார்' என்று சொல்வது நம்முடைய இரக்கம். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பெரும்பாலான பிள்ளைகளுக்கு இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது விளங்குவதில்லை. தூரப் போனவர் எப்போது வருவார் என்று அவை காத்திருக்கும். நித்திரையானவரைப் பற்றிக் கேட்டபின் தாங்கள் கண்ணை மூடப் பயப்படும். எனவே இறப்பைப் பற்றிய புத்தகத்தில் 'செத்துப்போனது', 'இறந்துவிட்டார்' என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாசிக்கும்போது நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி மூச்சு விடாது, பசிக்காது, நோகாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகு, உங்கள் சமயம் சொல்வதையும் நம்பிக்கையோடு சொல்லுங்கள். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொல்வதுதான் குழப்பத்தை உண்டாக்கும்.

கேள்விகள் வரும். எட்டுச் செலவுக்குப் படைத்ததைப் பார்த்துவிட்டு, "பசிக்காதெண்டால் ஏன் அப்பப்பாவுக்குச் சோறு வைக்கிறீங்கள்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டபோது வீட்டில் உள்ளவர்கள் திகைத்துவிட்டார்கள். அவளுடைய மாமி சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "அவருக்குப் பசிக்காது, அம்மா. அவருக்கு என்ன விருப்பம் எண்டு எங்களுக்கு மறக்கேல்ல. அதுதான்." பிறகு அந்தப் பிள்ளை அப்பப்பாவுக்கு விருப்பமான சாப்பாடுகளைக் கலர்ப் பென்சிலால் வரைந்து ஒரு புத்தகமாக்கினாள். பாரை மீன் குழம்பு இரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டது.

புத்தகம் இல்லாவிட்டால் நீங்களே செய்யுங்கள்

வழக்கமான படப்புத்தகம் 32 பக்கம் கொண்டது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவே மடித்தால் பதினாறு பக்கம் வரும். மடிப்பில் தடித்த ஊசியால் மூன்று துளை போட்டு நூலால் கட்டிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு படம். உங்களுக்கு வரையத் தெரியாவிட்டால் பிள்ளை வரையட்டும், அல்லது புகைப்படத்தை ஒட்டுங்கள்.

முதலாம் ஆண்டுக்குப் போகப் பயப்படும் பிள்ளைக்குப் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான் குட்டி ஒன்றைக் கதாநாயகனாக்கினோம். நம் பிள்ளைகளுக்கு அந்த மான்களைத் தெரியும், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்திருப்பார்கள். குட்டி புதிய இடத்துக்குப் போகிறது. தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, மலசலகூடம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறது. மலசலகூடப் பக்கத்தைப் பிள்ளைகள்தான் சேர்க்கச் சொன்னார்கள். பெரியவர்கள் எவருக்கும் அது தோன்றவில்லை, ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடப் பயத்தில் பாதி அங்கேதான் இருந்தது.

தாயோ தகப்பனோ வெளிநாட்டில் இருந்தால், இரண்டு இடத்து நாளையும் அடுத்தடுத்த பக்கத்தில் வரையுங்கள்: இங்கே நான் புட்டுச் சாப்பிடுகிறேன், அங்கே அம்மா தேத்தண்ணி குடிக்கிறா. வட்ஸ்அப்பில் அவரையே வரிகளை வாசித்துக் குரலாக அனுப்பச் சொல்லலாம். அடுத்த மாதம் வந்துவிடுவார் என்று உறுதியாகத் தெரியாமல் எழுதாதீர்கள். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடலாம்.

புத்தகம் போதாத இடம்

பிள்ளை பயந்துவிட்டால் நூல் கட்டுவதும், திருநீறு போடுவதும், தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் நம் வீடுகளில் உண்டு. அதை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. அம்மம்மாவின் கை நெற்றியில் படுவது பிள்ளைக்கு ஆறுதல்தான். ஆனால் ஒரு மாதத்துக்கு மேலாக நித்திரை குழம்பி இருந்தால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால், சாப்பாடும் விளையாட்டும் குறைந்து பேச்சும் அடங்கிவிட்டால், தன்னைத் தானே நோகச் செய்தால், புத்தகத்தோடு காத்திருக்கக் கூடாது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச்சேவை இருக்கிறது.

கதையின் நடுவே, தன்னை எவரோ அடிப்பதாகவோ தகாத விதத்தில் தொடுவதாகவோ பிள்ளை சொல்லிவிடுவதும் நடக்கும். முகத்தை மாற்றாமல் கேளுங்கள். சொன்னது நல்லது, பிழை உன்னுடையது அன்று என்று சொல்லுங்கள். விவரங்களைத் தோண்டிக் கேட்காதீர்கள், ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் சேவை, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்.

திரும்பத் திரும்ப

ஒரே புத்தகத்தைப் பிள்ளை இருபது தடவை கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். முடிவு தெரிந்த கதைக்குள் ஒரு பயத்தைப் பார்ப்பது, முடிவு தெரியாத நாளுக்குள் அதைப் பார்ப்பதைவிட இலகுவானது. ஒரு கொப்பியில் திகதியும், பிள்ளை நின்ற பக்கமும், சொன்ன சொல்லும் குறித்துவையுங்கள். கேட்ட வார்த்தையை அப்படியே எழுதுங்கள், உங்கள் விளக்கம் வேண்டாம். பிள்ளை புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மாரி காலம் என்றால் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுங்கள். அது மூலை மடிந்து, ஒரு தாள் கிழிந்துதான் திரும்பி வரும். கிழிந்த தாளை ஒட்டி, புத்தகத்தை முன்பு இருந்த அதே தட்டில் வையுங்கள். அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை அதை அங்கேதான் தேடும்.